தோட்டத்து வீட்டு அடுப்பில் இதயத்துக்கு ஏற்ற சாப்பாடு: எதை வாங்குவது, எவ்வளவு போடுவது

சமையலறைக்குள் போய் நான்கு பொருளை எடுத்து மேசைமேல் வையுங்கள்: எண்ணெய்ப் பாக்கெட், உப்புப் பாக்கெட், தேத்தண்ணிக்கு ஊற்றும் பால் டின், தேங்காய்ப்பால் பெட்டி. பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் சாப்பாட்டால் இதயத்துக்கு வரும் வம்பில் பெரும்பங்கு இந்த நான்கில்தான் இருக்கிறது. காப்பாற்றும் பொருள்களும் தூரத்தில் இல்லை. மீன் லோரியில் வரும் கெம்போங் (கானாங்கெளுத்தி வகை மீன்), மளிகைக்கடைப் பருப்பு, லயத்துக்குப் பின்னால் நிற்கும் முருங்கை மரம், சந்தையில் கட்டுக்கட்டாகக் கிடக்கும் கீரை. ஈப்போவுக்கு பஸ் ஏறிப் போய் வாங்க வேண்டியது எதுவும் இல்லை. வேண்டியது ஓர் அளவுக் கரண்டியும் ஒரு மார்க்கர் பேனாவும்தான்.

2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் மூவரில் ஒருவருக்குக் கொலஸ்ட்ரால் கூடுதலாக இருக்கிறது. கொலஸ்ட்ரால் கூடினால் தலை சுற்றாது, வலிக்காது. அதனால் உடம்பைக் கேட்டுச் சமைக்க முடியாது. அளந்துதான் சமைக்க வேண்டும்.

மாதக் கணக்கிலிருந்து தொடங்குங்கள்

புதிய எண்ணெய்ப் பாக்கெட்டையோ உப்புப் பாக்கெட்டையோ பிரிக்கும் அன்று தேதியை அதன் மேலேயே எழுதுங்கள். தீரும் நாளில் கணக்குப் பாருங்கள். "நாங்க எண்ணெய் கம்மியாத்தான் ஊத்துவோம்" என்று எல்லா வீட்டிலும் சொல்வார்கள். தேதி பொய் சொல்லாது.

ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு தேக்கரண்டி எண்ணெய் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேக்கரண்டி 5 மில்லி. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு நாளுக்கு 80 மில்லி, மாதத்துக்கு 2.4 லிட்டர். மானிய விலையில் 2 வெள்ளி 50 காசுக்கு வரும் ஒரு கிலோ பாக்கெட்டில் சொன்னால், மாதம் இரண்டு பாக்கெட்டும் கூடவே கொஞ்சமும். நான்கு, ஐந்து பாக்கெட் போனால், எந்த எண்ணெய் என்ற கேள்விக்கு முன்னால் எவ்வளவு எண்ணெய் என்ற கேள்வி நிற்கிறது. பாட்டிலைச் சாய்த்து ஊற்றும் பழக்கத்தை விட்டு, ஒரு தேக்கரண்டியைப் பாட்டில் கழுத்திலேயே கட்டித் தொங்க விட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

உப்புக்கும் இதே கணக்கு. உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள். இதில் கடைச் சாப்பாடு, கிச்சாப், கருவாடு, மீ பாக்கெட் எல்லாவற்றிலும் ஒளிந்திருக்கும் உப்பும் சேர்ந்தது. அவற்றுக்குப் பாதியை ஒதுக்கினால், நான்கு பேர் வீட்டில் அடுப்படி உப்பு நாளுக்கு 10 கிராம், மாதத்துக்கு 300 கிராம். ஒரு கிலோ உப்பு மூன்று மாதம் தாண்ட வேண்டும். பல வீட்டில் ஒரு மாதத்திலேயே அடி தட்டிவிடும்.

எந்த எண்ணெய்

செம்பனை நடுவே வாழும் ஊரில் பாமாயிலைக் குறை சொன்னால் கோபம் வரும். ஆனாலும் கணக்கு இதுதான். சமையல் பாமாயிலில் நூற்றுக்கு 40 முதல் 50 பங்கு நிறைவுற்ற கொழுப்பு. தேங்காயெண்ணெயில் 80க்கு மேல், நெய்யில் 60 அளவில். கடலை எண்ணெயில் 17 முதல் 20, நல்லெண்ணெயில் 14 அல்லது 15, சூரியகாந்தியில் 10 முதல் 12, கனோலாவில் 7. கல்லீரல் தன் மேற்பரப்பில் உள்ள வாசல்கள் வழியாக ரத்தத்தில் ஓடும் கெட்ட கொலஸ்ட்ராலை, அதாவது எல்டிஎல்லை, உள்ளே இழுத்துக்கொள்கிறது. நிறைவுற்ற கொழுப்பு கூடினால் இந்த வாசல்கள் குறைகின்றன. இழுக்க ஆளில்லாமல் எல்டிஎல் ரத்தக்குழாயிலேயே சுற்றிச் சுவரில் படிகிறது.

2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு நாளுக்கு நிறைவுற்ற கொழுப்பு 22 கிராமைத் தாண்டக் கூடாது. கொலஸ்ட்ரால் ஏற்கெனவே கூடியிருந்தால் 13 முதல் 15 கிராம். நான்கு தேக்கரண்டி பாமாயிலிலேயே 8 கிராம் போய்விடும். அதே நான்கு கரண்டி கனோலா என்றால் ஒன்றரை கிராம்கூட வராது.

பணம் இடம் கொடுத்தால் தினசரிச் சமையலுக்கு கனோலா அல்லது சூரியகாந்தி, தாளிப்புக்கும் குழம்புக்கும் நல்லெண்ணெய். பணம் இடிக்கிறது என்றால் பாக்கெட் எண்ணெயையே பாதியாகக் குறையுங்கள். விலை உயர்ந்த ஆலிவ் எண்ணெயை வாங்கிப் பொரிப்பதற்கு ஊற்றுவதைவிட அது எவ்வளவோ மேல். தேங்காயெண்ணெய் தினம் ஒரு கரண்டி குடித்தால் அடைப்பு கரையும் என்று வாட்ஸ்ஆப்பில் சுற்றுவதை நம்பிக் குடிக்க வேண்டாம். அது எல்டிஎல்லைக் கூட்டும்.

வடை, வாழைக்காய் பஜ்ஜி பொரித்த எண்ணெயை மறுநாள் குழம்புக்குத் தாளிப்பது நம் வீடுகளில் சிக்கனம் என்று பெயர் வாங்கிய பழக்கம். ஒரு முறை பொரித்ததை வடிகட்டி, இரண்டு மூன்று நாளுக்குள் இன்னொரு முறை பயன்படுத்தலாம். நிறம் கறுத்து, நுரை கட்டி, ஊற்றும்போது பாகு மாதிரி இழுத்தால் கொட்டிவிடுங்கள். கைகழுவும் தொட்டியில் ஊற்றினால் குழாய் அடைக்கும். பழைய பாட்டிலில் ஊற்றி மூடிப் போடுங்கள்.

தேங்காய்ப்பால்

200 மில்லி பெட்டியில் வரும் கட்டித் தேங்காய்ப்பாலில் 30 கிராமுக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு இருக்கும். அதை ஊற்றி நான்கு பேருக்குக் கோழிக்குழம்பு வைத்தால் ஆளுக்கு 8 கிராம். தாளித்த பாமாயிலோடு சேர்த்தால், கொலஸ்ட்ரால் கூடியவருக்கு அன்றைய கணக்கு ஒரே வேளையில் ஏறக்குறைய முடிந்துவிடும். காலையில் நாசி லெமாக் சாப்பிட்டவருக்கு அது எப்போதோ தாண்டியிருக்கும்.

முழுக்க விட்டுவிடச் சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை, கேட்கவும் தேவையில்லை. வாரத்துக்கு ஒரு நாள் என்று வையுங்கள். அன்றும் பெட்டியில் கால் பங்கு, அதாவது 50 மில்லி, அடுப்பை அணைப்பதற்கு ஒரு நிமிடம் முன் சேருங்கள். கடைசியில் ஊற்றினால் மணம் அப்படியே நிற்கும், அதனால் கொஞ்சமே போதும். ஆரம்பத்திலேயே ஊற்றிக் கொதிக்க விட்டால் மணம் ஆவியாகிப் போய், போதவில்லை என்று இன்னும் ஊற்றத் தோன்றும்.

மற்ற நாளில் குழம்பு கெட்டியாக வேண்டுமென்றால் தயிர். நான்கு பேர் குழம்புக்குத் தயிர் நான்கு மேசைக்கரண்டி, கடலை மாவு ஒரு தேக்கரண்டி, இரண்டையும் கட்டியில்லாமல் அடித்துக்கொள்ளுங்கள். குழம்பை இறக்கி, கொதி அடங்கிய பிறகு இரண்டு கரண்டி சூடான குழம்பைத் தயிரில் ஊற்றிக் கலக்கி, பிறகு தயிரைச் சட்டியில் சேருங்கள். நேராகக் கொதிக்கும் குழம்பில் தயிரைக் கொட்டினால் திரிந்து திப்பி திப்பியாகும். மாவு அதைத் தடுக்கும், ஆனால் மறுபடி தளதளவென்று கொதிக்க விட்டால் மாவும் காப்பாற்றாது.

டின் பாலை மாற்றாக ஊற்றுகிறவர்கள் டின்னைத் திருப்பிப் பாருங்கள். "கிரிமர்" என்று எழுதியிருந்தால் அதில் உள்ள கொழுப்பு பெரும்பாலும் பாமாயில். "சுசு" என்று மட்டும் இருந்தால் பால்.

உப்பு ஒளிந்திருக்கும் இடங்கள்

மலேசியப் பொட்டலங்களில் சத்து அட்டவணை மலாயில் இருக்கும். உப்பைத் தேடினால் கிடைக்காது. "நாட்ரியம்" அல்லது "சோடியம்" என்ற வரியைத் தேடுங்கள். அதில் உள்ள மில்லிகிராமை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு. 1000 மில்லிகிராம் சோடியம் என்றால் இரண்டரை கிராம் உப்பு, ஒரு நாள் அளவில் பாதி. ஒரு பாக்கெட் உடனடி மீயில் இந்த 1000 இருப்பது சாதாரணம், பல வகைகளில் அதற்கும் மேல். அட்டவணையில் இரண்டு பத்தி இருக்கும்: 100 கிராமுக்கு என்று ஒன்று, ஒரு பரிமாறலுக்கு என்று இன்னொன்று. இரண்டு பொருளை ஒப்பிட 100 கிராம் பத்தி. நீங்கள் சாப்பிடப் போவதைக் கணக்கிடப் பரிமாறல் பத்தி. ஆனால் பாக்கெட்டில் எத்தனை பரிமாறல் என்று மேலே பாருங்கள். சின்னப் பொட்டலத்தில் "மூன்று பரிமாறல்" என்று அச்சடித்திருப்பார்கள், நாமோ ஒரே உட்காரலில் முடிப்போம்.

மீயை விட முடியாத பிள்ளைகள் உள்ள வீட்டில் தூள் பாக்கெட்டில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் போட்டு, ஒரு கைப்பிடி சாவிக் கீரையும் ஒரு முட்டையும் சேர்த்து, சூப்பைக் குடிக்காமல் விடச் சொல்லுங்கள். உப்பில் பெரும்பகுதி சூப்போடு போய்விடும்.

கிச்சாப் மாசின் (உப்புச் சோயா சாஸ்) ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 900 மில்லிகிராம் சோடியம். ஊற்றிவிட்டு உப்பும் போட்டால் இரட்டைக் கணக்கு. அஜினமோட்டோவைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. அதில் சோடியம் உப்பில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் அதைப் போட்ட பிறகு உப்பைக் குறைக்காவிட்டால் என்ன லாபம்?

நெத்திலியை வெதுவெதுப்பான நீரில் 15 நிமிடம் ஊறப்போட்டு, இரண்டு தடவை அலசிப் பிழியுங்கள். கருவாட்டை அரை மணி நேரம், நடுவில் ஒரு முறை தண்ணீர் மாற்றி. உப்பு முழுக்கப் போகாது, அதனால் அந்தக் குழம்பில் தனியாக உப்புப் போடாதீர்கள். அப்பளம், ஊறுகாய், மோர்மிளகாய் மூன்றும் ஒரே இலையில் இருந்தால் ஒன்றை மட்டும் எடுங்கள்.

அடுப்படி உப்பை ஒரேயடியாகப் பாதியாக்கினால் வீட்டில் கலகம் வரும். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கால் பங்கு குறையுங்கள். நாக்கு சில வாரங்களில் பழகிவிடும். குறையும் உப்பின் இடத்தைப் புளி, எலுமிச்சை, மிளகு, இஞ்சி, வறுத்து இடித்த சீரகம் பிடித்துக்கொள்ளும். குறிப்பாகப் புளிப்பு, உப்புக் குறைந்தது என்று நாக்கு சொல்லும் நேரத்தில் அரை எலுமிச்சை பிழிந்து பாருங்கள்.

"சோடியம் குறைந்த உப்பு" என்று விற்பதில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் கலந்திருக்கும். நல்ல சிறுநீரகம் உள்ளவருக்குச் சரி. சிறுநீரகக் கோளாறு உள்ளவரும், பெரிண்டோப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற ரத்த அழுத்த, இதய மாத்திரை எடுப்பவரும் மருத்துவரைக் கேட்காமல் தொடக் கூடாது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தப்பும்.

தேத்தண்ணி

கிரிமர் மானிஸில், அதாவது இனிப்புக் கிரிமரில், ஏறக்குறைய பாதி சர்க்கரை. ஒரு கிளாஸ் தே தாரிக்குக்கு இரண்டு மேசைக்கரண்டி போனால் நாலு தேக்கரண்டி சர்க்கரை உள்ளே போய்விட்டது. விருப்ப அளவாக உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது நாளுக்கு ஆறு தேக்கரண்டிக்குள். மரம் வெட்டப் போகுமுன் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, சாயங்காலம் ஒன்று என்றால் பன்னிரண்டு ஆகிவிட்டது. சர்க்கரை எப்படி இதயத்துக்கு வரும் என்பார்கள். கூடுதல் சர்க்கரையைக் கல்லீரல் டிரைகிளிசரைட் என்ற கொழுப்பாக மாற்றி ரத்தத்தில் விடுகிறது. தொப்பையும் நீரிழிவும் கூடவே வருகின்றன.

கடையில் கேட்கும் முறையில் ஒரு சூட்சுமம் உண்டு. "தே கோசோங்" என்று மட்டும் சொன்னால் சில கடையில் சர்க்கரை போடாமல் கிரிமர் மானிஸை ஊற்றித் தருவார்கள். "தே ஓ கோசோங்" என்றால் பாலும் சர்க்கரையும் இல்லாதது. பால் வேண்டுமென்றால் "தே சி கோசோங்". முதல் மாதம் அதுவும் கசந்தால் "குராங் மானிஸ்" சொல்லி இறங்கி வாருங்கள். டின் பானங்களில் 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் அரசாங்கம் வரி போடுகிறது. 2019 ஜூலையில் லிட்டருக்கு 40 காசு என்று தொடங்கி, 2025 ஜனவரியில் 90 காசாக ஏறியிருக்கிறது. வாங்கும் முன் நீங்களும் அந்த 5 கிராம் கோட்டையே பார்க்கலாம்.

கெம்போங் மீன்

இதயத்துக்கு நல்லது என்று பெரிய கடைகளில் சால்மனை விற்கும் அதே ஒமேகா-3 கொழுப்பு கெம்போங்கிலும் இருக்கிறது. சாளையும் டின் சார்டினும் அப்படியே. இந்தக் கொழுப்பு டிரைகிளிசரைட்டைக் குறைக்கும். வாரத்துக்கு இரண்டு வேளை, வேளைக்கு ஒரு நடுத்தர மீன்.

வாங்கும்போது கண்ணைப் பாருங்கள்: தெளிவாக, கொஞ்சம் துருத்தியிருக்க வேண்டும். குழிந்து வெளுத்திருந்தால் வேண்டாம். செவுளைத் தூக்கிச் சிவப்பா என்று பாருங்கள். விரலால் அழுத்தினால் பள்ளம் உடனே நிரம்ப வேண்டும். கெம்போங்கை ஐஸ் இல்லாமல் வெயிலில் வைத்தால் ஹிஸ்டமின் என்ற பொருள் உருவாகும். சாப்பிட்ட சற்று நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு அரித்து, தலை வலிக்கும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது. ஆகவே லோரியில் ஐஸ் உருகி மீன் தண்ணீரில் மிதந்தால் அன்று பருப்பு வையுங்கள். வாங்கியதை வீடு வந்ததும் கழுவி குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். மோட்டார் கூடையில் மாட்டிக்கொண்டு இரண்டு வீட்டில் பேசிவிட்டு வரக் கூடாது.

தேங்காய்ப்பால் இல்லாத குழம்பு, நான்கு பேருக்கு: நடுத்தர கெம்போங் 4, சின்ன வெங்காயம் 10, பூண்டு 6 பல், தக்காளி 2, கத்தரிக்காய் 2 அல்லது வெண்டைக்காய் 8, எலுமிச்சை அளவு புளி, தண்ணீர் 400 மில்லி, மிளகாய்த்தூள் ஒரு மேசைக்கரண்டி, மல்லித்தூள் ஒன்றரை மேசைக்கரண்டி, மஞ்சள் அரைத் தேக்கரண்டி, வெந்தயம் அரைத் தேக்கரண்டி, கறிவேப்பிலை இரண்டு கொத்து, நல்லெண்ணெய் ஒன்றரை மேசைக்கரண்டி, உப்பு முக்கால் தேக்கரண்டி. இந்த உப்பு ஆளுக்கு ஒரு கிராமுக்குக் கிட்டத்தட்ட.

எண்ணெய் சூடானதும் வெந்தயம். பொன்னிறம் தாண்டிச் சிவந்தால் கசக்கும். அடுத்த நொடியே கறிவேப்பிலை, வெங்காயம், பூண்டு. வெங்காயம் கண்ணாடி போலானதும் தக்காளி, அது குழையும்போது தூள். எண்ணெய் குறைவாக இருப்பதால் தூள் சட்டியில் பிடித்துக் கருகும். அதுதான் எண்ணெயைக் குறைத்துச் சமைக்கிறவர்கள் முதல் நாளே சலித்துப்போகும் இடம். புளித்தண்ணியை ஒவ்வொரு மேசைக்கரண்டியாக ஊற்றி ஊற்றி வதக்குங்கள். மூன்று நான்கு தடவையில் பச்சை வாசனை போய்விடும். பிறகு மீதிப் புளித்தண்ணி, காய், உப்பு. பத்து நிமிடம் கொதித்துக் காய் வெந்ததும் மீனைப் போட்டு, தீயைக் குறைத்து ஏழு எட்டு நிமிடம். கரண்டி போட்டால் மீன் உடையும். சட்டியின் இரு காதையும் பிடித்துச் சுற்றிவிடுங்கள்.

எண்ணெய் மேலே மிதந்தால்தான் குழம்பு என்று நினைக்கும் மாமியார் வீட்டில் இருந்தால், முதல் நாளே வைத்து மறுநாள் பரிமாறுங்கள். புளியும் மசாலாவும் ஊறி நிற்கும் குழம்பில் எண்ணெய் எங்கே என்று கேட்க நேரம் இருக்காது.

பொரித்த மீன்தான் வேண்டும் என்றால் மசாலா தடவி, வாழையிலையில் சுற்றி, ஒரு தேக்கரண்டி எண்ணெய் தடவிய தோசைக்கல்லில் மூடி வையுங்கள், பக்கத்துக்கு ஆறு ஏழு நிமிடம். டின் சார்டினைச் சம்பாலாகச் செய்தால் உப்புப் போடாதீர்கள். சாஸில் ஏற்கெனவே இருக்கிறது.

பருப்பும் ஓட்ஸும் பார்லியும்

தண்ணீரில் கரைந்து வழவழப்பாகும் நார்ச்சத்து ஒன்று உண்டு. அது குடலில் பித்தநீரைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போகிறது. புதிதாகப் பித்தநீர் செய்யக் கல்லீரலுக்குக் கொலஸ்ட்ரால் வேண்டும், அதை ரத்தத்திலிருந்து எடுக்கிறது, எல்டிஎல் இறங்குகிறது. ஓட்ஸிலும் பார்லியிலும் உள்ள பீட்டா குளுக்கன் இந்த வகை. நாளுக்கு 3 கிராம் வேண்டும். அரை கப் ஓட்ஸ், 40 கிராம், சுமார் ஒன்றரை கிராம் தரும். இன்னொரு வேளை பார்லி சேர்த்தால் கணக்கு நேராகும்.

கடைப் பார்லித் தண்ணியைக் குடித்துவிட்டுப் பார்லி சாப்பிட்டேன் என்பது கணக்கில் வராது. அதில் சர்க்கரைதான் அதிகம், பார்லி அடியில் நாலு மணி. முத்துப் பார்லியை இரவே ஊறவைத்து, காலையில் அரிசியோடு ஒன்றுக்கு மூன்று என்று கலந்து சோறாக்கினால் பிள்ளைகள்கூடக் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஓட்ஸ் வாங்கும்போது தட்டையான வெறும் ஓட்ஸ். மூன்று-இன்-ஒன் பாக்கெட்டில் சர்க்கரையும் கிரிமரும் இருக்கும். இனிப்பு ஓட்ஸ் பிடிக்காதவருக்குக் கஞ்சி: 40 கிராம் ஓட்ஸ், 300 மில்லி தண்ணீர், பூண்டு 4 பல், வெந்தயம் கால் தேக்கரண்டி, சீரகம், ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை, ஏழு நிமிடம். உப்பு ஒரு சிட்டிகை. பழக்கமில்லாதவர் முதல் வாரம் பாதி அளவில் தொடங்கட்டும். ஒரேயடியாக நார்ச்சத்து ஏற்றினால் வயிறு உப்பும், பிறகு ஓட்ஸ் பெயரே ஆகாது.

துவரம்பருப்பு, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, தட்டைப்பயறு எல்லாம் இதே வேலையைச் செய்யும், மலிவாக. கொட்டைக்கு நம் பக்கத்தில் குறையில்லை. ஈப்போ புந்தோங்கின் கச்சாங் பூத்தே நாடு முழுக்கப் பெயர் போனது. உப்பு மாவில் பொரித்த வகையை விட்டு, வறுத்த கடலையை ஒரு கைப்பிடி, 30 கிராம், காகிதத்தில் கொட்டிச் சாப்பிடுங்கள். பாக்கெட்டோடு உட்கார்ந்தால் கை நிற்காது.

தட்டு

சுகாதார அமைச்சு சொல்லும் சுக்கு சுக்கு செப்பாரோ முறை நம் சாப்பாட்டுக்குப் பொருந்தும்: தட்டில் பாதி காய், பழம்; கால் பங்கு சோறு; கால் பங்கு மீன், கோழி, பருப்பு. தவறு எங்கே நடக்கிறது என்றால், பாதித் தட்டில் உருளைக்கிழங்கு வறுவலையும் மரவள்ளியையும் வைத்துக் காய் என்று கணக்கு எழுதுவதில். அவை சோற்றுக் கணக்கு. கீரை, பயிற்றங்காய், முட்டைக்கோஸ், பீர்க்கங்காய், சிறகவரை, வல்லாரை ஆகியவைதான் காய்க் கணக்கு. கீரைக்குத் தேங்காய்ப்பூ ஒரு ஆளுக்கு ஒரு தேக்கரண்டி போதும். நாளுக்குக் காயும் பழமும் சேர்ந்து 400 கிராம். சோற்றை முதலில் போட்டால் அது கால் பங்கில் நிற்காது. காயை முதலில் வையுங்கள், இடம் மிஞ்சியதில் சோறு.

காலைப் பசியாறலுக்கு இட்லி மூன்று, சாம்பார், அல்லது நெய் தடவாத ஆட்டா சப்பாத்தி இரண்டும் பருப்பும். ரொட்டி சானாயில் மாவைப் பிசையும்போதும் வீசும்போதும் கல்லிலும் மார்ஜரினோ எண்ணெயோ சேர்கிறது. ஒன்றில் 300 கலோரி அளவு. வாரத்துக்கு ஒரு நாள், ஒன்றோடு, பருப்புக் கறி மட்டும். தோசைக் கடையில் "மிஞாக் சிக்கிட்" (எண்ணெய் கொஞ்சம்) என்று சொன்னால் செய்து தருவார்கள், சொல்லத்தான் கூச்சம்.

தீபாவளி ஆட்டுக்கறிக்கு ஒரு வழி. தெரியும் கொழுப்பை வெட்டி எறிந்துவிட்டு, முதல் நாள் இரவே கறியை வேகவைத்துக் குளிர்பெட்டியில் வையுங்கள். காலையில் மேலே வெள்ளையாக உறைந்து நிற்கும் கொழுப்பைக் கரண்டியால் வழித்துவிட்டுப் பெரட்டலைத் தொடங்கலாம். வழித்த கொழுப்பைப் பார்த்தவர்கள் பிறகு இந்த வேலையை விடுவதில்லை. கோழி என்றால் தோலை உரித்துவிடுங்கள்.

மாத்திரையோடு மோதும் சாப்பாடு

ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின் எடுப்பவர் கீரையை நிறுத்த வேண்டாம், ஆனால் ஒரு வாரம் மலைபோல் சாப்பிட்டு மறு வாரம் விடக் கூடாது. வைட்டமின் கே ஏறி இறங்கினால் மருந்தின் அளவு தப்பும். தினம் ஒரே மாதிரி. சிம்வாஸ்டாட்டின், அட்டோர்வாஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மாத்திரை எடுப்பவர் கிரேப்ஃபுரூட்டைத் தவிர்க்க வேண்டும். பம்பளிமாசும் அந்த இனம்தான் என்பதால் மருந்தாளரைக் கேட்டுக்கொள்ளுங்கள். சிறுநீரகம் பழுதானவர் பெலிம்பிங் பழத்தை, அதாவது நட்சத்திரப் பழத்தை, ஒரு துண்டுகூடத் தொடக் கூடாது. விக்கல், குழப்பம், வலிப்பு வரை போகும். இளநீரில் பொட்டாசியம் அதிகம், அவர்கள் அதையும் கேட்டுத்தான் குடிக்க வேண்டும்.

பாசார் மாலாமில் "இதய அடைப்பு மருந்து" என்று விற்கும் சிவப்பு ஈஸ்ட் அரிசிக் குளிகையில் உள்ளது லோவாஸ்டாட்டின் என்ற கொலஸ்ட்ரால் மருந்தேதான். கிளினிக் மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால் இரட்டை மருந்து, தசை வலியில் தொடங்கி மோசமாகலாம். பதிவு செய்த மருந்தின் பெட்டியில் "எம்ஏஎல்" என்று தொடங்கும் எண் இருக்கும். அது இல்லாததை வாங்காதீர்கள். சாப்பாட்டை மாற்றிவிட்டோம் என்று கிளினிக் மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

40 வயது தாண்டி, அரசு உதவித்தொகை பெறும் குடும்பத்தில் இருப்பவர்களுக்கு பெக்கா பி40 திட்டத்தில் இலவசப் பரிசோதனை உண்டு. மற்றக் குடிமக்களுக்கும் கிளினிக் கெசிஹாத்தானில் ஒரு வெள்ளிதான். தொடங்கும்போது ஒரு முறை, மூன்று மாதம் கழித்து ஒரு முறை கொலஸ்ட்ரால் பாருங்கள், இரண்டு தாளையும் வைத்திருங்கள். போகும்போது எண்ணெய்ப் பாக்கெட்டில் எழுதிய தேதிகளையும் கொண்டுபோனால் சத்துணவு அதிகாரிக்குப் பாதி வேலை மிச்சம். ரத்தம் எடுப்பதற்கு முந்தைய நாள் மட்டும் கஞ்சி குடித்துவிட்டுப் போகிறவர்கள் உண்டு. டிரைகிளிசரைட் வேண்டுமானால் அதில் கொஞ்சம் அசையும், எல்டிஎல் பல வாரமாக என்ன சாப்பிட்டீர்கள் என்பதைத்தான் காட்டும்.